நீங்க கல்லாவுக்கு எழுதறீங்க, நாங்க ஆளுக்கு எழுதறோம்

நம்ம காலேஜ் மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கண்ணா என்று பழைய மாணவர் குழுவில் கேட்டபோது டிசம்பர் கடைசி வாரம். துபாயில் எங்கள் கம்பெனிக்கு டிசம்பர் 31-தான் கணக்கு முடிப்பு, ஊரில் மாதிரி மார்ச் 31 இல்லை. அதனால் ஜனவரி பாதி போகட்டும் என்று தள்ளிப்போட்டேன், அது பிப்ரவரியில் வந்து நிற்கிறது. மன்னிச்சுக்குங்க.

நான் 1993-இல் பி.காம். சேர்ந்தவன். எங்கள் மாவட்டத்துக்கு அப்போது பெரியார் மாவட்டம் என்று பெயர். ப்ளஸ் டூவில் தமிழ் மீடியம், கணக்குப்பதிவியலில் 200-க்கு 180-க்கு மேல். பெறுபவரைப் பற்று வை, தருபவரை வரவு வை. உள்ளே வருவதைப் பற்று வை, வெளியே போவதை வரவு வை. செலவும் நட்டமும் பற்று, வருமானமும் லாபமும் வரவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன். ஒப்பித்ததோடு சரி. பற்று என்றால் என்ன என்று யாராவது கேட்டிருந்தால் முழித்திருப்பேன், நல்லவேளையாகப் பள்ளிக்கூடத்தில் யாரும் கேட்கவில்லை.

கல்லூரியில் கேட்டுவிட்டார்கள். முதல் வருடம் அக்கவுண்ட்ஸ் எடுத்த சார் (என் செட்டுக்கு யாரென்று தெரியும்) கரும்பலகையில் கேஷ் புக் போட்டுவிட்டுத் திரும்பினார். "வீட்டுல சம்பளம் வந்தா அம்மா வரவுன்னு எழுதறாங்க. இங்க பணம் வந்தா டெபிட், அதாவது பற்றுன்னு எழுதறோம். வீட்டுல தப்பா, இங்க தப்பா?" அறுபது பேர் இருந்த வகுப்பில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. அவர் பதிலும் சொல்லவில்லை. திங்கட்கிழமை வந்து சொல்லுங்க என்று டஸ்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

என் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் கணக்குப்பிள்ளை. சனிக்கிழமை அங்கே போனேன். விரலி ஒரு பக்கம், கிழங்கு ஒரு பக்கம் என்று அம்பாரம் கொட்டி வைத்திருப்பார்கள், உள்ளே போய்விட்டு வந்தால் சட்டைக் காலர்கூட மஞ்சளாகிவிடும், அப்பிச்சியின் நாள்வழி (அன்றாட வரவும் பற்றும் எழுதும்) நோட்டில் ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் அவர் கட்டைவிரல் பட்ட இடம் மட்டும் மஞ்சளாக இருக்கும். விஷயத்தைச் சொன்னதும் நோட்டைத் திருப்பி என் முன்னால் வைத்தார். இடது பக்கம் வரவு, வலது பக்கம் பற்று. பணம் வந்தால் இடது பக்கம். கல்லூரியில் போட்ட கேஷ் புக்கிலும் பணம் வந்தால் இடது பக்கம்தான், ஆனால் அங்கே அந்தப் பக்கத்துக்குப் பெயர் டெபிட். இடம் ஒன்று, பெயர் நேர் எதிர். எனக்குத் தலை சுற்றிவிட்டது.

"இதுல என்ன கண்ணு இருக்குது? நீங்க கல்லாவுக்கு எழுதறீங்க, நாங்க ஆளுக்கு எழுதறோம்" என்றார் அப்பிச்சி. சிவகிரிப் பக்கத்து விவசாயி ஒருவரின் பக்கத்தைக் காட்டினார். மஞ்சளை இருப்பு வைத்துவிட்டு மண்டியில் முன்பணமாக ஐயாயிரம் வாங்கியிருக்கிறார், அது அவர் பேரில் பற்று. மஞ்சள் விற்றதும் விலைத் தொகை அவர் பேரில் வரவு. தரகும் கூலியும் மறுபடி அவர் பேரில் பற்று, மீதியை எண்ணிக் கையில் கொடுத்தால் அதுவும் பற்று, பக்கம் நேராகிவிடும். வரவு என்று நாள்வழியில் எழுதுவது கல்லாவுக்குக் காசு வந்தது என்பதற்காக இல்லை, இன்னார் கொடுத்தார், இன்னாருக்கு நாம் பாக்கி என்பதற்காக. கல்லா என்னும் சாமானையும் ஓர் ஆளாக நினைத்துப் பக்கம் திறந்தால், காசை வாங்கிக்கொண்டது அதுதானே, அதன் பேரில் பற்று விழும். ப்ளஸ் டூவில் இரண்டு வருடம் ஒப்பித்த முதல் விதி எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

அன்றைக்குப் பேரேட்டை (ஆளுக்கொரு பக்கமாகக் கணக்கு எழுதும் நோட்டை) புரட்டும்போது அப்பிச்சி பேரிலும் ஒரு பக்கம் இருந்தது. ஜூன் மாதத் தேதியில் ஒரு பற்று, எதிரே "பேரன் காலேஜ் வகைக்கு". அவர் பக்கத்தைத் திருப்பிவிட்டார், நானும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை சாரிடம் சொன்னேன். பாராட்டுவார் என்று பார்த்தால், "சரி, அப்ப பேங்க் பாஸ்புக்ல நீ போட்ட பணத்தை ஏன் கிரெடிட், அதாவது வரவுன்னு போடறான்?" என்றார். இந்த முறை யோசிக்கவே வேண்டியதில்லை. பேங்க் எழுதுவது அதன் நோட்டில், என் பேரில். அதற்கு நான் சிவகிரி விவசாயி மாதிரி. நம் கேஷ் புக்கையும் பாஸ்புக்கையும் ஒத்துப் பார்க்கும் பேங்க் ரீகன்சிலியேஷனில் எங்கள் செட்டில் பாதிப்பேர் அரியர் வைத்தார்கள், நான் வைக்கவில்லை. (காஸ்டிங்கில், அதாவது அடக்கவிலைக் கணக்கில், வைத்தேன். அதை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை.)

ஒவ்வொரு பற்றுக்கும் எதிரே ஒரு வரவு எழுதும் இரட்டைப் பதிவு முறையை முதலில் அச்சுப் புத்தகத்தில் விளக்கியவர் லூக்கா பாசியோலி என்ற இத்தாலியத் துறவி, 1494-இல், வெனிஸில் என்று சார் சொன்னதை அப்பிச்சியிடம் பெருமையாகச் சொன்னேன். "அதுக்கு முன்னால அவுங்க ஊர்ல ஆரும் கடன் குடுக்கலையாமா?" என்று கேட்டார். கொடுத்திருக்கிறார்கள். வெனிஸ் வியாபாரிகள் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்ததைத்தான் பாசியோலி எழுதி வைத்தார்.

கூட்டாண்மைக் கணக்கு வந்தபோது வகுப்பே கலகலப்பாகிவிட்டது. கார்னர், முர்ரே, வில்கின்ஸ் என்று மூன்று பேர் கூட்டாகத் தொழில் செய்கிறார்கள், கலைக்கும்போது வில்கின்ஸ் கொடுக்க வேண்டியதைக் கொடுக்க வழியில்லாமல் நொடித்துப் போகிறார். அவர் பங்கு நட்டத்தை மற்ற இருவரும் லாப விகிதத்தில் இல்லை, மூலதன விகிதத்தில் ஏற்க வேண்டும் என்று 1904-இல் இங்கிலாந்தில் தீர்ப்பு. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் "சார், வில்கின்ஸ் மஞ்சக் கடுதாசி குடுத்துட்டானுங்களா?" என்றான். சாரே சிரித்துவிட்டார். பள்ளிபாளையம் தறிப்பட்டறை, திருப்பூர் பனியன் கம்பெனி என்று எங்கள் வகுப்பில் பாதி வீடுகளில் கூட்டுத் தொழில்தான், ஐ.பி. (கடனைக் கட்ட முடியாது என்று கோர்ட்டில் மனு) கொடுத்த மாமாவோ சித்தப்பாவோ ஏதாவது ஒரு வீட்டில் இருப்பார். மூலதனம் அதிகம் போட்டவன் தலையில் ஏன் அதிகம் விழ வேண்டும் என்று மணியடித்த பிறகும் சண்டை நடந்தது. எனக்கு இன்றைக்கும் அந்தத் தீர்ப்பு நியாயமாகப் படவில்லை.

பற்று மொத்தமும் வரவு மொத்தமும் சமமா என்று பார்க்கும் ட்ரயல் பேலன்ஸ் டேலி ஆகாத கதைகள் எல்லோரிடமும் இருக்கும், ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறேன். மாதிரித் தேர்வில் எனக்கு 90 ரூபாய் உதைத்தது. நேரம் இல்லாமல் சஸ்பென்ஸ் கணக்கில், அதாவது நம்ம அனாமத்தில், போட்டு மூடிவிட்டேன். சார் சிவப்பு மையில் "90-ஐ 9-ஆல் வகு" என்று மட்டும் எழுதியிருந்தார். மீதியில்லாமல் வகுபட்டால் பெரும்பாலும் இலக்கம் இடம் மாறியிருக்கும். தேடினால் 540-ஐ 450 என்று எழுதி வைத்திருந்தேன்.

இங்கே துபாயில் 2018 ஜனவரி 1-இல் 5 சதவீத வாட் (மதிப்புக் கூட்டு வரி) வந்தபோது எங்கள் சேல்ஸ் ஆட்கள், கஸ்டமர் நம்மிடம் கொடுத்த பணம்தானே, அதை ஏன் வருமானத்தில் காட்டுவதில்லை என்று ஒரு மாதம் விடாமல் கேட்டார்கள். அது அரசாங்கம் என்கிற ஆள் பேரில் வரவு, நம் காசு இல்லை என்று அப்பிச்சி பாணியில்தான் சொன்னேன். ஒரு மலையாளி பையனுக்கு உடனே புரிந்தது, அவன் தாத்தாவும் மலஞ்சரக்கு (மலை விளைபொருள்) கடைக் கணக்காம்.

கடைசியாக ஒரு விஷயம், இதற்காகத்தான் எழுதவே ஒத்துக்கொண்டேன். கேன்டீன் அண்ணன் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எல்லார் பேரிலும் கணக்கு வைத்திருப்பாரே, டீயும் பன்னும் சேர்த்து என் பேரில் 46 ரூபாய் பற்று நின்றது. கடைசிப் பரீட்சை அன்று கொடுக்கலாம் என்று இருந்தேன், பஸ் வந்துவிட்டது. 2009-இல் கல்லூரிக்குப் போனபோது கேன்டீனில் வேறு ஆட்கள், அவரைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை. யாருக்காவது அவர் இருக்கும் இடம் தெரிந்தால் குழுவில் போட வேண்டாம், எனக்குத் தனியாகச் சொல்லுங்கள்.