நேராகப் போன கோடு

பெங்களூருவில் நான் பிரெட் தின்றே உடம்பைக் கெடுத்துக்கொள்கிறேன் என்று அம்மா ஒரு வருடம் நம்பிக்கொண்டிருந்தார். அவர் அழைக்கும்போதெல்லாம் "இன்றைக்கு பிரெட் இருக்கிறது அம்மா, ராத்திரி நேரமாகும்" என்று சொல்லி வைத்துவிடுவேன். அவர் வேறென்ன நினைப்பார்? ஐந்து கிலோ பார்சலில் இட்லிப்பொடியும் பருப்புப்பொடியும் வந்து இறங்கிய அன்றுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

எங்கள் ஆய்வகத்து பிரெட் வேறு. உயிரொளி ஒத்ததிர்வு ஆற்றல் மாற்றம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. முதலில் இதைச் செய்தது மனிதர்கள் அல்ல, கடல். ரெனிலா என்றொரு உயிரி, சிறுநீரக வடிவில், ஆழமில்லாத கடலின் மணலில் பதிந்து கிடக்கும். சீண்டினால் பச்சையாக ஒளிரும். ஆனால் அதன் லூசிஃபெரேஸ் நொதியைத் தனியே பிரித்து எரிபொருள் கொடுத்தால் நீல ஒளிதான் வரும். உயிரிக்குள் அந்த நொதியை ஒட்டி ஒரு பச்சை ஒளிர் புரதம் இருக்கிறது. நொதியில் பிறக்கும் ஆற்றல் நீல ஒளியாக வெளியேறும் முன்பே பக்கத்துப் புரதத்துக்குக் கைமாறி, பச்சையாக வெளிவருகிறது.

இதை அப்படியே கடன் வாங்கிக்கொண்டோம். செல்லுக்குள் இரண்டு புரதங்கள் நெருங்குகின்றனவா என்று பார்க்க வேண்டுமா? ஒன்றின் வாலில் லூசிஃபெரேஸ், மற்றதன் வாலில் மஞ்சள் ஒளிர் புரதம் என்று மரபணு மட்டத்திலேயே ஒட்டுப்போட வேண்டும். பிறகு சீலென்டெரசைன் என்ற எரிபொருளை ஊற்ற வேண்டும். 480 நானோமீட்டர் அலைநீளத்தின் அருகே வரும் நீலத்தையும் 530 அருகே வரும் மஞ்சளையும் கருவி எண்ணிக் கொடுக்கும். மஞ்சளை நீலத்தால் வகுத்தால் கிடைப்பதுதான் எங்கள் வாழ்வாதாரம். எரிபொருள் தீரத் தீர ஒளி மங்கும். விகிதம் பெரிதாக மாறாது. வெளியிலிருந்து விளக்கு அடிக்கத் தேவையில்லை என்பதால் செல்லின் சொந்த ஒளிர்வு குறுக்கே வந்து குழப்புவதும் இல்லை.

தூரக் கணக்கு மிகக் கறாரானது. 1940களில் ஜெர்மானியரான தியோடர் ஃபோர்ஸ்டர் வகுத்த கோட்பாட்டின்படி, ஆற்றல் கைமாறும் வேகம் தூரத்தின் ஆறாம் அடுக்குக்கு ஏற்பக் குறைகிறது. 5 நானோமீட்டரில் பாதி ஆற்றல் மாறுகிறது என்று வைத்துக்கொண்டால், 10 நானோமீட்டரில் சுமார் ஒன்றரை சதவீதம்தான். ஆகவே சமிக்ஞை வந்தால் இரண்டும் பக்கத்தில்தான் இருக்கின்றன. இந்தப் "பக்கத்தில்" என்ற சொல்தான் பின்னால் என்னைக் கவிழ்த்தது.

1999இல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில், நீலப்பச்சை நுண்ணுயிரிகளின் உயிர்க்கடிகாரப் புரதமான கைபியை வைத்து இந்த முறையைக் காட்டினார்கள். அடுத்த வருடமே மாண்ட்ரியால் குழுவினர், அட்ரினலினை வாங்கும் பீட்டா-2 அட்ரினெர்ஜிக் ஏற்பிகள் உயிருள்ள செல்லில் ஜோடியாக இருக்கின்றன என்று இதே முறையில் அறிவித்தார்கள். (தமிழில் எழுதும்போது ஒரு தொல்லை: மருந்தை வாங்கும் புரதமும் ஏற்பி, ஆற்றலை வாங்கும் புரதமும் ஏற்பி. இரண்டாவதை ஏற்பான் என்று எழுதித் தப்பித்துக்கொள்கிறேன்.)

எனக்குப் பிடித்த சோதனை ஜோடி பார்ப்பது அல்ல, அரெஸ்டின் பார்ப்பது. அப்பா ஆஸ்துமாவுக்கு இழுக்கும் இன்ஹேலரில் இருக்கும் சால்புடமால் போய் அமர்வது இதே பீட்டா-2 ஏற்பியில்தான். ஏற்பி தூண்டப்பட்டதும் "போதும், நிறுத்து" என்று சொல்ல செல்லுக்குள்ளிருந்து அரெஸ்டின் என்ற புரதம் வந்து ஒட்டும். ஏற்பியில் லூசிஃபெரேஸ், அரெஸ்டினில் மஞ்சள். 96 குழிகள் கொண்ட வெள்ளைத் தட்டில் செல்கள், பார்ப்பதற்குப் பணியாரக்கல்தான். ஏற்பியை முழுதாகத் தூண்டும் ஐசோபுரோட்டெரினால் என்ற மருந்தை விட்டால் சில நிமிடங்களில் விகிதம் விறுவிறுவென்று ஏறும். சால்புடமால் விட்டால் அரைமனதாகக் கொஞ்சம் ஏறி நின்றுவிடும். மூச்சுக்குழாயைத் தளர்த்த அந்த அரைமனதான தூண்டலே போதுமானதாக இருக்கிறது. அப்பாவின் இன்ஹேலரை ஒரு கோடாகத் திரையில் பார்த்த அன்று மதியச் சாப்பாடு மறந்துபோனது.

இனி என் அவமானம். பீட்டா-2 ஏற்பியும் வேறொரு ஏற்பியும் ஜோடி சேர்கின்றனவா என்று சோதித்தேன். விகிதம் பின்னணியைவிட நன்றாகவே உயர்ந்திருந்தது. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் அப்படியே. வாராந்திரக் கூட்டத்தில் பட்டை வரைபடத்தைப் போட்டு, "ஜோடி சேர்கின்றன" என்று அறிவித்தேன். எங்கள் ஆய்வகத்தில் மூத்தவரான அக்கா ஒருவர் டீயை உறிஞ்சியபடி, "ஏற்பான் டிஎன்ஏ எவ்வளவு போட்டாய்?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "அவ்வளவு போட்டால் யாரும் யாரோடும் ஜோடிதான்" என்றார்.

மாலை ஆறு மணி டவுன் பஸ்ஸில் தோளோடு தோள் உரசி நிற்பவர்கள் எல்லாரும் உறவினர்களா? செல்லின் சவ்வும் அப்படித்தான். அளவுக்கு மீறி டிஎன்ஏ போட்டுப் புரதத்தைத் திணித்தால், சம்பந்தமே இல்லாதவையும் 10 நானோமீட்டருக்குள் வந்து விழும். பிரித்தறிய வழி உண்டு. ஆற்றலைக் கொடுக்கும் கொடையாளியை, அதாவது லூசிஃபெரேஸ் ஒட்டிய புரதத்தை, ஒரே அளவில் வைத்துக்கொண்டு ஏற்பானை மட்டும் படிப்படியாக ஏற்ற வேண்டும். உண்மையான ஜோடி என்றால், எல்லாக் கொடையாளிக்கும் துணை கிடைத்ததும் கோடு வளைந்து தட்டையாகிவிடும். வெறும் நெரிசல் என்றால் கூட்டம் கூடக் கூடக் கோடு நேராக ஏறிக்கொண்டே போகும். 2006இல் ஆக்ஸ்ஃபோர்டு குழு ஒன்று இதைவிடக் கடுமையான அளவுகோலை வைத்து, பீட்டா-2 உட்பட அதுவரை ஜோடி என்று சொல்லப்பட்ட சிலவற்றையே கேள்விக்குள்ளாக்கியது. அந்தச் சண்டை சூடாகவே நடந்தது. இவ்வளவும் படித்திருந்தும் நான் ஒரே ஒரு அளவில் சோதித்துவிட்டு மேடை ஏறியிருந்தேன்.

சமிக்ஞை வராவிட்டாலும் அவசரப்படக் கூடாது. இரண்டு புரதங்கள் கட்டிக்கொண்டு இருக்கலாம். வால்கள் ஏடாகூடமான கோணத்தில் நீட்டிக்கொண்டிருந்தால் ஆற்றல் மாறாது. அதனால் ஒட்டுப்போடும் முனையை மாற்றிப்போட்டும் பார்த்தேன்.

எட்டுப் படிகள், இரண்டு வாரம். கடைசித் தட்டில் எரிபொருளை ஊற்றிவிட்டு இருட்டறையிலேயே உட்கார்ந்திருந்தேன். புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. வளைவதாகத் தெரியவில்லை. அடிக்கோல் வைத்து வரைந்தது போலக் கோடு மேலே போனது.

அன்றிரவு அம்மா அழைத்தார். இப்போது அவருக்கு விவரம் தெரியும்.

"பிரெட் என்ன ஆயிற்று?"

"கோடு நேராகப் போய்விட்டது அம்மா."

"நேராகப் போனால் நல்லதுதானே?"