நர்சம்மா நாட்குறிப்பு: ஆனி முதல் ஆடி வரை

ஜூன் 17, 2025

பள்ளிக்கூடத்தில் வாரத்துக்கு ஒரு நீல மாத்திரை கொடுக்கிறோம். ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு, கூடவே ஃபோலிக் அமிலம். பாதிப் பிள்ளைகள் வாய்க்குள் ஒதுக்கி வைத்துக்கொண்டு வெளியே போய்த் துப்பிவிடுகிறார்கள். அதனால் இன்று கொடுப்பதற்கு முன்பே உட்கார வைத்துப் பேசினேன்.

ஒன்பதாவது படிக்கும் பெண் ஒருத்தி எழுந்தாள். "மிஸ், நான் பெரியவளாயி ஆறு மாசம் ஆச்சுங்க. ஒரு மாசம் வருது, அப்புறம் ரெண்டு மாசம் வர்றதில்லைங்க. அம்மா சூடுன்னு வெந்தயம் தர்றாங்க."

வெந்தயம் சாப்பிடட்டும், கெடுதல் இல்லை. ஆனால் காரணம் சூடு இல்லை. மூளையிலிருந்து சினைப்பைக்குப் போகும் உத்தரவு பெரியவளாவதற்கு முன்பே, முதலில் தூக்கத்தில்தான் விட்டுவிட்டு வர ஆரம்பிக்கிறது. மாதம் ஒரு முட்டை வெளியேறும் ஒழுங்கு அமைய இரண்டு மூன்று வருடம்கூட ஆகும். அதுவரை 45 நாள் தள்ளிப்போனாலும் பயப்பட வேண்டியதில்லை. மூன்று மாதம் வரவே இல்லை என்றாலோ, ஏழு நாளுக்கு மேல் போய்க்கொண்டே இருந்தாலோ என்னிடம் வரச் சொன்னேன்.

முட்டைக் கணக்கையும் சொன்னேன். தாய் வயிற்றில் ஐந்தாம் மாதத்தில் பெண் சிசுவுக்கு 60, 70 லட்சம் முட்டை. பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம். பெரியவளாகும்போது மூன்று நாலு லட்சம்தான் மிச்சம். அதில் ஆயுள் முழுக்க வெளியே வருவது 400, 500. "அப்ப நான் உண்டான முட்டை எங்க அமுச்சி வயித்துல இருந்தப்பவே இருந்துச்சாங்க?" என்று அம்மாவின் அம்மாவைச் சொல்லிக் கேட்டாள் முன்வரிசைப் பெண். ஆமாம் கண்ணு, இருந்தது. இன்று துப்பியவர்கள் குறைவு.

ஜூன் 22

அவிநாசிப் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளையில், தோட்டத்து வீட்டில், பெரியவளான பிள்ளைக்குச் சீர். தாய்மாமன் தட்டு எடுத்து வந்தார். நாட்டுக்கோழி முட்டை, நல்லெண்ணெய், உளுந்தங்களி என்று பிள்ளைக்கு நன்றாகக் கொடுக்கிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த வழக்கம். வருத்தம் ஒன்றுதான். சீர் முடிந்ததும் கவனிப்பும் முடிந்துவிடுகிறது. அடுத்த மாதமே முட்டை அண்ணனுக்குப் போய்விடும். ஒரு பெண்ணின் எலும்பு வலுவில் பெரும்பகுதி 18 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. அதற்குப் பிறகு சேர்வது கொஞ்சம். அறுபது வயதில் இடுப்பெலும்பு தாங்குமா என்பதில் இந்த வயதுச் சாப்பாட்டுக்கும் பங்கு இருக்கிறது. அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு இதைச் சொன்னேன். தலையாட்டினார். மறுபடி போய்ச் சொல்ல வேண்டும்.

ஜூலை 2

பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் பெண், ஐந்தாம் மாதம். ஹீமோகுளோபின் 8.9. கர்ப்பத்தில் 11க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான்.

"மாத்திரை சாப்பிடறேனுங்க நர்சம்மா, ஒரு நாள் விடறதில்லை" என்றாள். நம்பினேன். எப்படிச் சாப்பிடுகிறாய் என்று கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. ஒன்றரை ஷிப்ட் வேலை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரும்பு மாத்திரை, கால்சியம் மாத்திரை இரண்டையும் ஒன்றாகப் போட்டு, மேலே ஒரு டீ. கால்சியமும் டீயும் இரும்பைக் குடலில் சேரவிடாது. விழுங்கியதில் பெரும்பகுதி வீண்.

இரும்பை ராத்திரி சாப்பாட்டுக்குப் பின், எலுமிச்சைத் தண்ணீரோடு. கால்சியத்தைக் காலையில். மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ வேண்டாம். மலம் கறுப்பாகப் போகும், அது இரும்பால் வருவது, பயப்படாதே என்றேன். பலர் அதைப் பார்த்துத்தான் மாத்திரையை நிறுத்துகிறார்கள்.

மாமியார் பக்கத்திலேயே இருந்தார். "நாங்கெல்லாம் மாத்திரை தின்னா பெத்தோம்?" என்றார். கோபப்படவில்லை. கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு ஏறக்குறைய பாதி மடங்கு கூடுகிறது, அதில் நீர்ப்பகுதி வேகமாகக் கூடுவதால் சிவப்பணு விகிதம் எல்லோருக்கும் கொஞ்சம் இறங்கும் என்று விளக்கினேன். கர்ப்பம் முழுக்க சுமார் 1000 மில்லிகிராம் இரும்பு வேண்டும். கையிருப்பே இல்லாமல் கர்ப்பமானால் எங்கிருந்து வரும்? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுவரை இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. அந்தக் காலத்திலும் இருந்தது, அளந்து பார்க்க ஆளில்லை. கடைசியில் "உங்களுக்குப் பிரசவத்தப்ப தலை சுத்தலையாங்கம்மா?" என்று கேட்டேன். "சுத்துச்சு சாமி, ரெண்டாவதுக்கு எந்திரிக்கவே முடியல" என்றார். இனி ராத்திரி மாத்திரையை எடுத்துக் கொடுப்பது அவர் பொறுப்பு.

ஜூலை 10

இன்று மனசு ஆறவில்லை. 36 வயது. மாதவிடாய் பத்து நாள் போகிறது. ஸ்கேனில் கர்ப்பப்பையில் சின்ன ஃபைப்ராய்டு, புற்றில்லாத தசைக்கட்டி. ஒரு தனியார் மருத்துவமனையில் கர்ப்பப்பையைச் சினைப்பைகளோடு எடுத்துவிடலாம் என்று தேதியும் கொடுத்துவிட்டார்கள். "ரெண்டு குழந்தை ஆச்சு, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேசனும் பண்ணியாச்சு. இனி அது எதுக்குங்க?" என்கிறார் கணவர்.

எதுக்கு என்றால் இதற்குத்தான். சினைப்பை பிள்ளை பெறுவதற்கு மட்டும் இல்லை. அதிலிருந்து வரும் ஈஸ்ட்ரோஜன் எலும்பைக் காக்கிறது, ரத்தக்குழாய்க்கும் நல்லது. 36 வயதில் அதை எடுத்தால் மாதவிடாய் நிற்றல் ஒரே நாளில் வரும், பத்துப் பதினைந்து வருடம் முன்னதாக. சில நோய்க்கு எடுத்துத்தான் ஆக வேண்டும், அதை மறுக்கவில்லை. ஆனால் ரத்தப்போக்கைக் குறைக்க மாத்திரை இருக்கிறது, ஹார்மோன் உள்ள காப்பர்-டி மாதிரியான சாதனம் இருக்கிறது, கட்டியை மட்டும் எடுக்கவும் வழி உண்டு. இதில் ஒன்றுகூட அவளிடம் சொல்லப்படவில்லை. அரசு மருத்துவமனையில் இன்னொரு மகப்பேறு மருத்துவரைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கச் சொல்லிச் சீட்டு எழுதினேன்.

ஜூலை 14

தேதியைத் தள்ளிவைத்துவிட்டார்கள். இப்போதைக்கு மாத்திரை.

ஜூலை 25

ஆடிக் காற்று. சத்துணவு சமைக்கும் அக்காவுக்கு இந்தக் காற்றிலும் வேர்த்துக் கொட்டுகிறது. வயது 48, மாதவிடாய் ஒழுங்கில்லை. மாதவிடாய் நிற்கப்போகும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறையும்போது மூளையில் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் இடம் தடுமாறுகிறது. உடம்பு இம்மி சூடேறினாலும் தாங்காததுபோல் தோலில் ரத்தத்தைப் பாய்ச்சி வேர்க்க வைக்கிறது. அதை அவரிடம் சொன்னதும் "பைத்தியம் புடிச்சுருச்சோன்னு பயந்துட்டேன் அம்மணி" என்று கையைப் பிடித்துக்கொண்டார். தூக்கம் கெடுகிற அளவுக்கு இருந்தால் மருந்து உண்டு, டாக்டரிடம் கூட்டிப் போகிறேன் என்றேன். யாரும் இவரிடம் இதுவரை இதைப் பேசவே இல்லை.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு, லீவுதான். பக்கத்து வீட்டுப் பெரியம்மா, 61 வயது, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நின்னு பத்து வருசத்துக்கு மேல ஆச்சு சாமி. திரும்ப ரெண்டு நாளாப் படுது."

மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழிந்த பிறகு துளி ரத்தம் பட்டாலும் பார்த்தே ஆக வேண்டும். பெரும்பாலும் உட்சுவர் மெலிந்து புண்ணாவதுதான். ஆனால் கர்ப்பப்பைப் புற்றுநோய் முதலில் காட்டும் அறிகுறியும் இதுவே. ஆரம்பத்தில் பிடித்தால் குணமாகும். "மகன் ஊர்ல இருந்து வரட்டும்" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நாளைக் காலை முதல் பஸ்ஸில் நானும் அவரும் போகிறோம்.