க்வெட்லின்புர்க் நாட்கள்

அக்டோபர் 6

அக்கா இந்த ஜெர்மன் ஊர் மருத்துவமனையில் இருக்கிறாள். பார்வையாளர் நேரம் மதியத்துக்கு மேல்தான். அதுவரை நான் தங்கியிருக்கும் அறையில் தனியாக இருக்க முடியாது. சந்தைச் சதுக்கத்துக்கு நடந்தேன். நகர மன்றத்தின் முன்னால் ரோலண்ட் என்ற பழங்கால வீரனின் கல் சிலை. சுற்றிலும் மரச்சட்ட வீடுகள், மேல்மாடிகள் தெருப்பக்கம் தள்ளி நிற்கின்றன. மாமா மறுபடியும் போன் செய்தார். டாக்டர் இன்னும் எதுவும் சொல்லவில்லை என்றேன். நம்பினாரா தெரியவில்லை.

அக்டோபர் 7

ரிசல்ட் வரவில்லை.

அக்டோபர் 8

வோர்ட்காஸே தெருவில் 14-ஆம் நூற்றாண்டு வீடு ஒன்று. இப்போது மரச்சட்ட வீடுகளுக்கான அருங்காட்சியகம். பின்னால் வந்த வீடுகளைப் போல மாடி மாடியாக அடுக்கிக் கட்டியதல்ல. கீழிருந்து கூரை வரை ஒரே மரமாகத் தூண்கள் ஓடுகின்றன. இப்படிப்பட்ட வீடுகளில் சட்டங்களுக்கு நடுவே குச்சிகளைப் பின்னி, வைக்கோல் கலந்த களிமண்ணை அப்பியிருப்பார்கள். பாரத்தைத் தாங்குவது மரம்தான். 20-ஆம் நூற்றாண்டிலும் இதில் ஆட்கள் குடியிருந்திருக்கிறார்கள். ஒரு சட்டம்கூட நேராக இல்லை. அங்கிருந்து நகரவே மனம் வரவில்லை.

அக்கா இன்று அரைக் கிண்ணம் சூப் குடித்தாள்.

அக்டோபர் 9

இந்த மருத்துவமனைக்கு டோரொதியா எர்க்ஸ்லெபன் பெயரை வைத்திருக்கிறார்கள். 1715-இல் இதே ஊரில் பிறந்தவர். அப்பாவிடமே மருத்துவம் கற்றார். பெண் படிக்க அரசர் இரண்டாம் ஃபிரெடரிக்கின் அனுமதி தேவைப்பட்டது. கல்யாணம், மூத்தாள் பிள்ளைகள், சொந்தப் பிள்ளைகள். ஊர் மருத்துவர்கள் போலி வைத்தியம் என்று புகார் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் தாண்டி 1754-இல் ஹாலே பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார். ஜெர்மனியில் ஒரு பெண் வாங்கிய முதல் மருத்துவப் பட்டம் அதுதான். அக்காவிடம் சொன்னேன். "அத்தனை பிள்ளைங்களை வச்சுக்கிட்டு எப்படிப் படிச்சாளோ" என்றாள். அப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை. தன் பிள்ளைகளைத்தான் நினைத்திருப்பாள்.

அக்டோபர் 10

தூக்கம் இல்லை. ஏன் இவ்வளவு நாள் ஆகிறது?

அக்டோபர் 11

கோட்டைக் குன்றில் ஏறினேன். 936-இல் இறந்த முதலாம் ஹைன்ரிஷ் அரசரை இந்தத் தேவாலயத்தில்தான் புதைத்தார்கள். மனைவி மட்டில்டாவின் கல் சவப்பெட்டி இருக்கிறது, அரசரின் எலும்புகள் இல்லை. என் மனம் அதில் நிற்கவில்லை. இறங்கும்போது ஒரு வீட்டில் தச்சர்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். தூணின் அடிப்பகுதி உளுத்துப்போயிருந்தது. அதை மட்டும் அறுத்தெடுத்துவிட்டு, அதே கனத்தில் புது ஓக் துண்டைப் பழைய மரத்தோடு பொருத்தினார்கள். மேலே பாரம் அப்படியே இருந்தது, முட்டுக் கொடுத்திருந்தார்கள். கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் இந்த ஊர் வீடுகள் எத்தனையோ பராமரிப்பில்லாமல் சிதைந்தன, சில தெருக்களில் இடித்தே தள்ளினார்கள். மிச்சத்தைத்தான் 1994-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கெட்டதை மட்டும் எடுத்தால் போதும். போதும்தானே?

அக்டோபர் 12

அக்கா அந்தத் தூணைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். போட்டோ காட்டினேன். புது மரம் வெளுப்பாகத் தெரிகிறது என்றாள்.

அக்டோபர் 13

நாளைக் காலை எட்டு மணிக்கு இரண்டு பேரும் வர வேண்டுமாம். ஏன் இரண்டு பேரும்? நர்ஸிடம் கேட்டேன், டாக்டரே பேசுவார் என்றார். மாமாவிடம் இப்போதே சொல்வதா, காலையில் பேசிவிட்டுச் சொல்வதா