பெருமாளுக்கு முன்னால் சாப்பிட்ட மாவிளக்கு

2023 கடைசியில் அம்மாவுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. கண் விழித்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை தண்ணீர் இல்லை. "புரட்டாசி முதல் சனிக்கிழமை மாவிளக்கு ஏத்தறேன் பெருமாளே" என்றார். எங்கே என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே, கரும்புக்காட்டை ஒட்டி, அவர் பிறந்த ஊரில் இருக்கும் பெருமாள் கோயில்தான். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்த அவருடைய பாட்டனார் கும்பிட்ட சந்நிதி அது.

2024இல் முதல் சனி செப்டம்பர் 21. வெள்ளிக்கிழமை பையனுக்குப் பள்ளியில் பருவத்தின் கடைசி நாள். மணி அடித்ததும் அவனை ஏற்றிக்கொண்டு ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவிலிருந்து கிளம்பிவிட்டோம். விடிந்ததும் விளக்கு போட வேண்டும் என்று அம்மா மாவை வீட்டிலேயே இடித்து, வெல்லம் சேர்த்துப் பிசைந்து, எவர்சில்வர் தூக்கில் வைத்து மடியிலேயே வைத்துக்கொண்டார். நெய் தனியாக ஒரு சின்ன டப்பாவில். வழிக்குப் புளிச்சோறு. வழிச்சாப்பாட்டை இந்த ஊர் வழக்கில் பட்கோஸ் என்போம்.

மலைப்பக்கம் கனத்த பனி பெய்யும் என்று வானிலைத் துறை எச்சரித்திருந்தது. நானும் பார்த்தேன். டர்பனுக்குப் போகும் என்3 நெடுஞ்சாலையில் நூறு முறை போயிருக்கிறேன், டிராகென்ஸ்பெர்க் மலை உச்சியில் வெள்ளையைத் தூரத்திலிருந்து ரசித்ததோடு சரி. சாமி காரியம், நடுவில் நிற்காது என்று நினைத்தேன். அந்த எச்சரிக்கையைச் சாமி கொடுத்ததாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

வார்டன் வரைக்கும் மழை. ஹாரிஸ்மித்தைத் தாண்டியதும் மழைச் சத்தம் சட்டென்று நின்றது. கண்ணாடியில் பஞ்சு ஒட்டுவதுபோல் ஒட்ட ஆரம்பித்தது. வான் ரீனன் கணவாய் சுமார் 1,680 மீட்டர் உயரம். அங்கே ஏறுவதற்கு முன்பே லாரிகள் குறுக்கே வழுக்கி நின்றுவிட்டன. பிரேக்கைத் தொட்டால் வண்டி நேராக நிற்காமல் பக்கவாட்டில் போகிறது. நம் ஊர் டயர்கள் இதற்கென்று செய்தவை அல்ல. எட்டு மணிக்கு முன்னாலும் பின்னாலும் விளக்குகள்தான் தெரிந்தன, எதுவும் நகரவில்லை. ஒன்பது மணிக்கு அந்த விளக்குகளும் தெரியவில்லை. காற்று பனியை வாரி வாரி அடித்தது.

பெரிய நான்கு சக்கர வண்டியில் ஒருவர் வந்தார். ஹாரிஸ்மித் வரை இழுத்துவிட 2,000 ராண்ட், கையில் ரொக்கம் வேண்டும் என்றார். பின்னால் கைக்குழந்தையோடு இருந்த பெண்ணிடமும் அதையே கேட்டார். திருவிழாவில் கற்பூரத்தட்டை இரண்டு மடங்கு விலைக்கு விற்பவர்களிடம் எனக்கு வரும் கோபம் இவரிடம் வந்ததற்குப் பக்கத்தில்கூட வராது. எங்களிடம் ரொக்கமில்லை. அவர் போய்விட்டார்.

அப்புறம் யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். முன்னால் நின்ற லாரியின் டிரைவர், அறுபது வயதிருக்கும் ஜூலு பெரியவர். பாபா என்று கூப்பிட்டேன், ஜூலுவில் அப்பா என்று அர்த்தம். திட்டுவதுபோலத்தான் பேசினார். எஞ்சினை விடாமல் ஓட்டிக்கொண்டே இருக்கிறாயே, பின்னால் போய்ப் புகைக்குழாயைப் பார்த்தாயா என்றார். போய்ப் பார்த்தேன். பாதிக்குமேல் பனி மூடியிருந்தது. குழாய் அடைத்துக்கொண்டால் புகை காருக்குள் திரும்பிவிடும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் எஞ்சினைப் போடு, ஒவ்வொரு முறையும் முதலில் குழாயைச் சுத்தம் செய், காற்று அடிக்காத பக்கத்து ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வை, என்ன ஆனாலும் காரை விட்டு இறங்கி நடக்காதே என்றார். தாகத்துக்குப் பனியை அள்ளித் தின்னக் கூடாதாம், உடம்புச் சூட்டை அது குடித்துவிடும். ஒரு பிளாஸ்கில் வெந்நீரும் கொடுத்தார்.

அம்மா காருக்குள்ளேயே சின்னதாக ஒரு விளக்காவது ஏற்றட்டுமா என்று கேட்டார். மூடிய காரில் தீ வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் வாடியதைப் பார்க்க முடியவில்லை.

கோயிலுக்குக் கட்ட எடுத்துவந்த பட்டுப்புடவைகளை எல்லாம் பெட்டியிலிருந்து எடுத்து ஒன்றின்மேல் ஒன்றாகப் போர்த்திக்கொண்டோம். பையனை அம்மாவோடு ஒட்டி உட்கார வைத்தோம். புளிச்சோறு தீர்ந்துவிட்டது. அம்மா அதைத் தொடவே இல்லை. விளக்கு ஏற்றும் வரை விரதம் என்று வெள்ளி மதியத்திலிருந்து வெறும் வயிறு.

மூன்று மணி இருக்கும். அதுவரை தடதடவென்று நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுக்கம் நின்று அமைதியானார். அப்பாடா, தூங்குகிறார் என்று நினைத்தேன். நர்ஸாக இருந்த என் மனைவிதான் பயந்துபோனாள். "என்னங்க, நடுக்கம் நிக்கிறது நல்லதில்லைங்க." பேச்சு கொடுத்தோம். நாக்கு குழறியது. என்னைத் தன் தம்பி பெயர் சொல்லிக் கூப்பிட்டார். உடம்புச் சூடு 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் மனம் தடுமாறத் தொடங்கும், வயதானவர்களுக்கு அது சீக்கிரம் வந்துவிடும் என்றாள் மனைவி. கையையும் காலையும் தேய்க்கப் போனவனைத் தடுத்தாள். ஈரமாயிருந்த காலுறையைக் கழற்றினாள். சூடு முதலில் நெஞ்சுக்கும் கழுத்துக்கும்தான் வேண்டும் என்று சொல்லி, புடவைக்குள் புகுந்து அம்மாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "அத்தை, ஏதாவது சாப்பிட்டாகணும். உள்ள எரியறதுக்கு ஒண்ணுமே இல்ல."

சாப்பிட என்ன இருக்கிறது? தூக்குதான் இருந்தது.

அம்மாவுக்கு அந்த நிலையிலும் அது புரிந்துவிட்டது. தூக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அது சாமியோடது" என்றார். வேறு எந்த வார்த்தையும் அவ்வளவு தெளிவாக வரவில்லை. நான் அழுதுவிட்டேன். என் எட்டு வயதுப் பையன் அவர் கையைப் பிடித்து, ஆங்கிலமும் தமிழும் கலந்து, "ஆயா, சாப்பிடு. சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றான்.

கையின் பிடி தளர்ந்தது.

ஒரு வாய் வெந்நீர் கொடுத்து விழுங்குகிறாரா என்று மனைவி முதலில் பார்த்தாள். அதன்பிறகு நெய்யும் வெல்லமுமாக அந்த மாவைச் சின்னச் சின்னதாகக் கிள்ளி ஊட்டினோம். கோவிந்தா, கோவிந்தா என்று முனகிக்கொண்டே சாப்பிட்டார். அரை மணி நேரத்தில் மறுபடி நடுங்க ஆரம்பித்தார். ஒருவர் நடுங்குவதைப் பார்த்து நான் பெருமாளுக்கு நன்றி சொன்னது என் வாழ்நாளில் அன்றுதான்.

சனிக்கிழமை பிற்பகல் பக்கத்துப் பண்ணை விவசாயிகள் வந்து எங்களை ஹாரிஸ்மித்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஒரு மண்டபத்தில் முகம் தெரியாதவர்கள் சூப் கொடுத்தார்கள், கம்பளி கொடுத்தார்கள். அந்தப் பனியில் குளிர் தாங்காமல் ஒரு பெண் இறந்துபோன செய்தியை அங்கேதான் கேட்டோம். அம்மா அன்று முழுவதும் பேசவில்லை.

சாலை திறந்ததும் டர்பன் போய் மாமா வீட்டில் தங்கினோம். இரண்டாவது சனி, 28ஆம் தேதி, கோயில். நல்ல கூட்டம். வண்டி நிறுத்த ஒருவர் காசு கேட்டார், பத்தடி தள்ளி இன்னொருவரும் கேட்டார். வரிசையில் நின்ற இரண்டு மணி நேரமும் அம்மா தலையைக் குனிந்தபடியே இருந்தார். கையில் புதிதாகப் பிசைந்த மாவு. முன்பு வேண்டிக்கொண்டது ஒரு விளக்கு, இப்போது இரண்டு.

சந்நிதி வந்தது. துளசி மாலைக்கு மேலே அந்த முகம். நாமத்தைத் தவிர எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. அம்மா நிமிரவே இல்லை. அப்போது பையன் கம்பியைப் பிடித்து எக்கி, எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொன்னான்: "சாமி, அன்னைக்கு மாவை ஆயாதான் சாப்பிட்டாங்க. நான்தான் சாப்பிடச் சொன்னேன். சாரி."

ஐயர் மணியடிப்பதை நிறுத்திவிட்டார். எங்களுக்குப் பின்னால் நின்ற பாட்டி ஒருவர் அம்மாவின் தோளைத் தொட்டு, "சூடிக் கொடுத்தவளோட மாலையையே ஆசையா வாங்கிப் போட்டுக்கிட்டவன்மா அவன்" என்றார். அம்மா அப்போதுதான் தலையைத் தூக்கினார். பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். நகருங்க, நகருங்க என்று யாரும் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தில் எங்களுக்கு அவ்வளவு நேரம் கிடைத்ததை நான் எப்படிச் சொல்வேன்! இரண்டு சுடரும் அசையாமல் எரிந்தன. பெருமாளே, பெருமாளே என்பதைத் தவிர எனக்கு வாயில் எதுவும் வரவில்லை.

மறுநாள் திரும்பும் வழியில் வான் ரீனனில் லாரிகள் நிற்கும் இடத்தில் நிறுத்தச் சொன்னார் அம்மா. அந்தப் பெரியவரைத் தேடினோம், இல்லை. பெயரைக் கேட்டு வைக்காதது எங்கள் தப்பு. வாழையிலையில் மடித்து வைத்திருந்த மாவிளக்குப் பிரசாதத்தை, லாரியருகே தேநீர் குடித்துக்கொண்டிருந்த டிரைவர்களுக்கு அம்மா தன் கையால் கொடுத்தார். ஒருவர் வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் கேட்டார்.