படிக்கட்டுக்கு அடியில் இருந்த மீட்டர்

வாடகைப் பாக்கி வழக்கு என்றால் கணக்கு நேராக நிற்கும். மாதம் இவ்வளவு, இத்தனை மாதம் கட்டவில்லை, அவ்வளவுதான். வாடகைக்கு மேல் வரும் செலவுகள் பாக்கி என்று ஒரு கட்டு வந்தால்தான் பொறுமையாக உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கும். சொத்து வரி, கட்டடக் காப்பீடு, லிஃப்ட் பராமரிப்பு, காவலாளி சம்பளம், தண்ணீர் மோட்டார், மாடிப்படி விளக்கு என்று எல்லாவற்றையும் கூட்டி ஒற்றை வரியில் பில் அனுப்பியிருப்பார்கள். அதைப் பார்த்துக் கொதித்துப்போன வாடகைதாரர் கட்டாமல் விட்டிருப்பார்.

அப்படித்தான் கணினி பழுதுபார்க்கும் கடை நடத்தும் ஒரு பெண்மணி வந்தார். வாடகையை ஒரு மாதம்கூடத் தவறவிட்டதில்லை. ஆனால் 3 வருடச் செலவுகளுக்கு மொத்தமாக வந்த பில்லில் ஒரு பைசாவும் கட்டவில்லை. "என்ன செலவு என்றே சொல்லாமல் கேட்டால் எப்படி சார் கட்டுவது?" என்றார். கேள்வி நியாயம்தான். என் கவலை வேறு. சொத்து வரியிலும் காப்பீட்டிலும் அவர் பங்கு தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருந்தது. எந்தப் பிடித்தமும் இல்லாமல் செலுத்த வேண்டும் என்ற வரியும் இருந்தது. தகராறு இல்லாத தொகையையும் சேர்த்து நிறுத்தியதால், காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் அனுப்ப உரிமையாளருக்கு அவரே காரணத்தைக் கொடுத்துவிட்டார். அந்த வாரமே வரியையும் காப்பீட்டையும் கட்ட வைத்து, மற்றவற்றை ஏற்கவில்லை என்று எழுதி, மூல பில்களைக் கேட்டோம்.

பில்கள் வந்தன. பொது மின்சாரத்தின் தொகை மட்டும் ஒவ்வொரு வருடமும் ஏறிக்கொண்டே போயிருந்தது. சரி, நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பினோம். படிக்கட்டுக்கு அடியில் தூசி படிந்த மீட்டர் பலகை. கைபேசி வெளிச்சத்தில் பில்லில் இருந்த எண்ணைத் தேடினேன், இருந்தது. அதிலிருந்து போன ஒயர் ஒன்று மோட்டாருக்கு, ஒன்று மாடி விளக்குகளுக்கு. மூன்றாவது ஒயர் சுவரோரமாக மொட்டை மாடி வரை ஏறி, அங்கிருந்த விளம்பரப் பலகையின் விளக்குகளில் போய் முடிந்தது. பலகையின் வாடகை உரிமையாளருக்கு, கரண்ட் செலவு வாடகைதாரர்களுக்கு!

உரிமையாளரை ஏமாற்றுக்காரர் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை. நாங்கள் கூப்பிட்டதும் மூச்சிரைக்க மேலே ஏறி வந்தார், ஒயரைப் பார்த்தார். "எனக்கே தெரியாதும்மா" என்று அந்தப் பெண்மணியிடம் சொன்னபோது அவர் குரல் இறங்கிவிட்டது. பலகையை மாட்டியவர்கள் கைக்கு எட்டிய இணைப்பில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அப்புறம் இன்னொன்றும் கிடைத்தது. மொத்தப் பரப்பு 10,000 சதுர அடி, இவர் கடை 1,000. பங்கு 10 சதவீதம். ஆனால் காலியாகக் கிடந்த 2,000 சதுர அடியைக் கழித்துவிட்டு, 8,000-த்துக்கு வகுத்து 12.5 சதவீதம் போட்டிருந்தார்கள். ஒப்பந்தமோ மொத்தப் பரப்பு என்றே சொன்னது. காலியான தளத்தின் செலவு உரிமையாளருடையது.

உரிமையாளர்கள் தரப்பிலும் நான் நின்றிருக்கிறேன். வரியையும் காவலாளி சம்பளத்தையும் வருடக்கணக்கில் கைக்காசிலிருந்து கட்டிவிட்டு, கேட்கக் கூச்சப்பட்டு இருந்துவிடுகிறவர்கள் உண்டு. அவர்களுக்காக வருத்தமாக இருக்கும். காலம் தாழ்த்திக் கேட்டால் சட்டமும் கைவிடலாம். இங்கிலாந்தில் 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குடியிருப்புகளில் ஒரு செலவு ஏற்பட்ட 18 மாதத்துக்குள் பில்லோ எழுத்துமூலத் தகவலோ கொடுக்காவிட்டால் அதைப் பிறகு வாங்க முடியாது. வருட ஆரம்பத்தில் ஒரு மதிப்பீடு, முடிவில் உண்மைச் செலவோடு ஒப்பிட்ட கணக்கு என்று இரண்டு தாள் கொடுத்திருந்தாலே என்னிடம் வந்த பாதிப் பேர் வந்திருக்க மாட்டார்கள்.

விளம்பரப் பலகைக்குத் தனி மீட்டர் வந்துவிட்டது. திருத்திய பில்லை அந்தப் பெண்மணி கட்டிவிட்டார். லிஃப்ட் மட்டும் பாக்கி. பழைய இயந்திரத்தைக் கழற்றிவிட்டுப் புதிதாகவே மாட்டியிருக்கிறார்கள். அதைப் பராமரிப்பு என்கிறார் உரிமையாளர், கட்டடத்தில் போட்ட முதலீடு என்கிறோம் நாங்கள். அடுத்த வாரம் மறுபடி உட்கார்ந்து பேசுகிறோம்.