வீட்டு டிவிடிகளை ஃபைலாக்கி, மறுபடி டிவிடியும் ஆக்கிய அனுபவம்

எங்கள் குடும்ப விசேஷங்களின் வீடியோ எல்லாம் டிவிடியில்தான் இருந்தது. தட்டுகள் ஒவ்வொன்றாகக் கெட்டுப்போவதற்குள் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எனக்கும் தம்பிக்கும் போனிலும் டிவியிலும் ஓடுகிற ஃபைல் வேண்டும். சித்தப்பாவுக்கோ டிவிடிதான் வேண்டும். "பென் டிரைவ் எல்லாம் எனக்கு வேண்டாம்ப்பா, தட்டைப் போட்டா படம் வரணும்" என்று முன்பே சொல்லிவிட்டார்.

இந்த இரண்டு தேவைக்கும் வழி வேறு வேறு. பலரும் எல்லாவற்றையும் முதலில் எம்பி4 ஆக மாற்றி, பிறகு அந்த எம்பி4-ஐ வைத்து டிவிடி ரைட் செய்கிறார்கள். வீண் சுற்று அது, படத்துக்கும் கேடு. டிவிடியில் இருப்பது எம்பெக்-2 என்ற முறையில் சுருக்கிய வீடியோ. எம்பி4-க்காக அதை ஹெச்.264 என்ற இன்னொரு முறைக்கு மாற்றும்போது ஒருமுறை தரம் குறைகிறது. திரும்ப எம்பெக்-2 ஆக்கும்போது இன்னொரு முறை. தட்டிலிருந்து எடுத்ததைத் தட்டுக்கே அனுப்புவதாக இருந்தால் நடுவில் மாற்றமே தேவையில்லை. அதனால் ஒவ்வொரு தட்டையும் முதலில் அப்படியே ஒரு ஐஎஸ்ஓ ஃபைலாக (முழுத் தட்டின் அச்சு அசல் நகல்) எடுத்து வைத்துக்கொண்டு, போனுக்கான எம்பி4-ஐ அதிலிருந்து தனியாகச் செய்தேன்.

இவை எல்லாம் நாங்களே எடுத்த வீடியோ என்பதால் பூட்டு எதுவும் கிடையாது. கடையில் வாங்கும் சினிமா டிவிடிகளில் சிஎஸ்எஸ் என்ற பூட்டு இருக்கும். அதை உடைப்பது பல நாடுகளில் சட்டப்படி குற்றம். அந்தப் பக்கம் நான் போகவில்லை.

தட்டைத் திறந்தால் வீடியோ_டிஎஸ் என்ற ஃபோல்டர் தெரியும். உள்ளே விஓபி, ஐஎஃப்ஓ, பியுபி என மூன்று வகை ஃபைல்கள். படமும் ஒலியும் விஓபியில் இருக்கின்றன. எந்த விஓபிக்குப் பின் எது வர வேண்டும், அத்தியாயம் எங்கே தொடங்குகிறது என்ற கணக்கெல்லாம் ஐஎஃப்ஓவில். பியுபி அந்த ஐஎஃப்ஓவின் நகல். ஒரு விஓபி 1 ஜிபியைத் தாண்டக்கூடாது என்பது விதி, அதனால்தான் ஒரே நிகழ்ச்சி நான்கைந்து துண்டாகக் கிடக்கிறது. துண்டுகளைத் தனித்தனியாக மாற்றினால், வெட்டு விழுந்த இடத்தில் பேச்சு பாதியில் நிற்கும், மொத்த நேரமும் தப்பாகக் காட்டும். ஃபோல்டரை முழுதாகக் கொடுத்துவிட்டால் மென்பொருளே ஐஎஃப்ஓவைப் பார்த்து எல்லாவற்றையும் ஒன்றாகக் கோத்துக்கொள்ளும்.

நிறைய நேரம் போனது தட்டுகளை வாசிக்க வைப்பதில்தான். அழுக்கானவற்றை மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோட்டில் துடைத்தேன். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல், தரவு ஓடும் திசையிலேயே விழுந்துவிடும். அதைச் சரிக்கட்டுவது டிரைவுக்குக் கஷ்டம். துடைத்தும் வாசிக்காத தட்டுகளுக்கு லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருள் கைகொடுத்தது. சாதாரணமாக ஃபைலை நகல் எடுக்கும்போது ஒரு இடத்தில் பிழை வந்தால் வேலை அங்கேயே நின்றுவிடும். இது அப்படியல்ல. கெட்ட இடங்களைத் தாண்டிப் போய் நல்ல பகுதி எல்லாவற்றையும் முதலில் எடுத்துவிடும், அதற்குப் பிறகுதான் விட்டுப்போன இடங்களுக்குத் திரும்பி வந்து மறுபடி முயலும். எது எடுபட்டது, எது எடுபடவில்லை என்று ஒரு குறிப்பு ஃபைலும் எழுதி வைக்கிறது. ஒரு டிரைவ் கைவிட்ட தட்டை இன்னொரு கம்ப்யூட்டரின் டிரைவில் போட்டு, அதே குறிப்பு ஃபைலைக் கொடுத்துத் தொடர்ந்தேன். டிரைவுக்கு டிரைவ் வாசிக்கும் திறன் இவ்வளவு மாறும் என்று எனக்கு முன்பு தெரியாது. பழைய, கனமான டிரைவ்தான் அதிகம் மீட்டுத் தந்தது. கடைசி வரை வராத இடங்களில் படம் ஓரிரு நொடி கட்டம் கட்டமாகச் சிதறுகிறது, அவ்வளவுதான்.

ஒரு தட்டு காலி என்றே காட்டியது. டிவிடி ரெக்கார்டரில் நேரடியாகப் பதிந்து, ஃபைனலைஸ் செய்யாமல், அதாவது மற்ற கருவிகளும் வாசிக்கும்படி பதிவை முடித்து மூடாமல், விட்டது. அந்த ரெக்கார்டர் இப்போது இல்லை. அதற்கு ஐஎஸ்ஓபஸ்டர் என்ற மென்பொருள் உதவியது. ஃபைனலைஸ் ஆகாத தட்டையும் அது வாசிக்கும்.

சரி, போனுக்கான ஃபைல். அதற்கு ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருள் போதும். வீடியோ_டிஎஸ் ஃபோல்டரைக் கொடுத்து, அது காட்டும் தலைப்புகளில் (தட்டிலுள்ள தனித்தனி வீடியோக்கள்) நீளமானதைத் தேர்ந்தெடுத்தேன். தரத்துக்கு ஆர்எஃப் என்று ஒரு எண் கேட்கும். எண் குறைந்தால் தரமும் ஃபைல் அளவும் கூடும். டிவிடி அளவுப் படத்துக்கு ஹேண்ட்பிரேக்கின் சொந்தப் பரிந்துரை 18 முதல் 22. நான் 19 வைத்தேன். 1080 வரிப் படமாகப் பெரிதாக்கும் ஆசை யாருக்கும் வரும். வேண்டாம். டிவிடியின் 720×576 புள்ளிப் படத்தில் இல்லாத விவரம் பெரிதாக்குவதால் வந்துவிடாது, ஃபைல்தான் வீங்கும். பெரிதாக்கிக் காட்டும் வேலையை டிவியே பார்த்துக்கொள்ளும்.

இதில் உண்மையான தலைவலி இன்டர்லேஸ். கேமராக்காரர்கள் அன்று எடுத்தது நொடிக்கு 50 அரைப்படங்களாக. ஒற்றைப்படை வரிகள் ஒரு கணத்தில், இரட்டைப்படை வரிகள் அடுத்த கணத்தில். பழைய டிவிக்கு அது பொருத்தம். கம்ப்யூட்டர் திரையிலோ, யாராவது கையை வீசினால் கை ஓரம் சீப்புப் பல் மாதிரி கிழிந்து தெரிகிறது. ஹேண்ட்பிரேக்கின் ஃபில்டர் பகுதியில் அரைப்படங்களை முழுப்படமாக்கும் யாடிஃப் என்ற டீஇன்டர்லேஸ் வசதி இருக்கிறது. அதிலேயே பாப் என்ற தேர்வை வைத்தால் 50 அரைப்படங்களும் 50 முழுப்படங்களாகி, ஆட்டமும் ஓட்டமும் நேரில் பார்ப்பதுபோல வழவழவென்று வரும். ஆனால் பிரேம் ரேட்டையும் 50 என்று கையால் மாற்ற வேண்டும். முன்னமைப்பில் இருக்கும் 25-ஐ அப்படியே விட்டால், கிடைத்ததில் பாதி திரும்பப் போய்விடும். இந்த ஒரு மாற்றத்துக்குக் கிடைத்த பலன் வேறெந்த அமைப்பிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

விஹெச்எஸ் கேசட்டிலிருந்து டிவிடிக்கு மாற்றிய தட்டுகளில் படத்தின் அடியில் சில வரிகள் எப்போதும் நடுங்கிக்கொண்டே இருக்கும். அது கேசட் பிளேயரின் இயல்பு. அந்த வரிகளை மட்டும் கிராப் செய்து வெட்டிவிட்டேன். புள்ளி புள்ளியாகத் தெரிவதைக் குறைக்க என்எல்மீன்ஸ் என்ற ஃபில்டரை மிக லேசான அளவில் வைத்தேன். வேலை பல மடங்கு மெதுவாகும், இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போய்விடலாம். அளவைக் கூட்டினால் முகமெல்லாம் மெழுகு பூசினதுபோல ஆகிவிடும், எனக்கு அது பிடிக்கவில்லை.

அப்புறம் சித்தப்பாவின் டிவிடிகள். பழைய தட்டின் நகல் என்றால் ஐஎஸ்ஓவை இமேஜ்பர்ன் என்ற தட்டில் எழுதும் மென்பொருளில் கொடுத்து ரைட் செய்வதோடு முடிந்தது. இரட்டை அடுக்குத் தட்டிலிருந்து (இரண்டு அடுக்காகத் தரவு எழுதியது, அதிகம் கொள்ளும்) வந்தவை மட்டும் ஒற்றை அடுக்கில் அடங்காது. டிவிடி ஷ்ரிங்க் வைத்து அழுத்திச் சுருக்கலாம். நான் இரண்டு தட்டாகப் பிரித்தேன். நடுவில் ஒருமுறை எழுந்து தட்டு மாற்றுவதில் யாருக்கும் நஷ்டமில்லை.

"போன்ல எடுத்ததையும் சேர்த்துப் போடு" என்றும் சித்தப்பா சொல்லியிருந்தார், அங்கேதான் மாற்றம் தேவைப்பட்டது. போன் வீடியோவை டேட்டா டிவிடியாக அப்படியே ரைட் செய்தால் கம்ப்யூட்டரில் ஓடும், பழைய பிளேயர் திரும்பியும் பார்க்காது. டிவிடி வீடியோவுக்கு பிஏஎல் என்ற டிவி முறையில் 720×576, நொடிக்கு 25 படம், ஒலி 48 கிலோஹெர்ட்ஸ் என்று கறாரான அளவுகள் உண்டு. எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் டார்கெட் என்ற இடத்தில் பிஏஎல்-டிவிடி என்று சொன்னால் இவற்றை எல்லாம் அதுவே போட்டுக்கொள்ளும். போன்கள் ஒரே சீரான பிரேம் ரேட்டில் எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால் ரேட்டும் குறையும். சில எடிட்டர்களில் இதனால் போகப்போக வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் ஆகிறது. எஃப்எஃப்எம்பெக் 25 என்று நிலையாக மாற்றியதில் அந்தத் தொல்லை இல்லை. நொடிக்கு 30 படத்தை 25 ஆக்குவதால் கேமரா பக்கவாட்டில் நகரும் இடங்களில் லேசாகத் துள்ளும். பழையதும் புதியதும் ஒரே தட்டில் வர வேண்டும் என்பதால் அதைப் பொறுத்துக்கொண்டேன்.

எவ்வளவு அடங்கும் என்பதற்குக் கணக்கு எளிது. தட்டின் மேல் 4.7 ஜிபி என்று அச்சிட்டிருப்பது 470 கோடி பைட். விண்டோஸ் அதையே 4.38 ஜிபி என்று காட்டும். யாரும் ஏமாற்றவில்லை, எண்ணும் முறைதான் வேறு. 470 கோடியை எட்டால் பெருக்கி (ஒரு பைட் என்பது எட்டு பிட்), ஓடும் நேரத்தின் நொடிகளால் வகுத்தால், ஒலியும் சேர்த்து நொடிக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்று தெரியும். இரண்டு மணி நேரத்துக்கு 5.2 மெகாபிட் வருகிறது. ஒலிக்குக் கொஞ்சம், ஓரத்தில் கொஞ்சம் என்று விட்டு, படத்துக்கு 4.8 வைத்தேன். மூன்று மணி நேரம் திணித்தால் மொத்தமே 3.5 மெகாபிட்தான்; கூட்டம் நகரும் காட்சிகளில் கட்டங்கள் துருத்திக்கொண்டு தெரியும். மெனு செய்ய டிவிடி ஸ்டைலரைப் பயன்படுத்தினேன். பழைய தட்டிலிருந்து எடுத்த வீடியோவுக்கு அதில் ஃபார்மேட்டைக் காப்பி என்று வைத்துவிட்டால் மறுபடி மாற்றாமல் அப்படியே சேர்க்கும்.

ரைட் செய்வதற்கு ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய டிவிடி-ஆர் தட்டுகளே வாங்கினேன். பழைய பிளேயர்கள் அவற்றோடுதான் அதிகம் ஒத்துப்போகின்றன. தட்டு 16 மடங்கு வேகம் தாங்கும் என்றாலும் 8-ல் வைத்தேன். பத்து நிமிடத்துக்குள் முடிகிற வேலைக்கு இதைவிட அவசரம் எதற்கு? முடிந்ததும் எழுதியது சரியா என்று ஒப்பிடும் இமேஜ்பர்னின் வெரிஃபை, அதற்கு மேல் பிளேயரில் போட்டுக் கடைசிப் பத்து நிமிடத்தை ஓடவிட்டுப் பார்ப்பேன். தட்டில் எழுதுவது உள்ளிருந்து வெளியே போகும், கோளாறு வந்தால் பெரும்பாலும் வெளி விளிம்பில்தான் வரும். மேலே ஸ்டிக்கர் ஒட்டவில்லை, ஒரு ஓரம் பிரிந்தால்கூடச் சுழலும்போது தட்டு ஆடும். தட்டுக்கென்றே விற்கும் பேனாவால் தேதியும் பெயரும் எழுதினேன்.

ஐஎஸ்ஓக்கள் இரண்டு வெளி ஹார்டு டிஸ்கில் இருக்கின்றன, ஒன்று என்னிடம், இன்னொன்று தம்பியிடம். சித்தப்பா தட்டைக் கீறிவிட்டால் ஒரு போன் போட்டால் போதும், புதிது ரைட் செய்து கொடுத்துவிடலாம். மூலத் தட்டுகளையும் தூக்கிப் போடவில்லை. டிடிரெஸ்க்யூவால் மீட்க முடியாத அந்த ஓரிரு நொடிகளை வேறொரு டிரைவில் இன்னொரு முறை முயன்று பார்க்க வேண்டும்.