உணவுக்குழாய்க்குள் ஒரு சுரங்கம்: போயம் கற்ற அனுபவம்

விழுங்கிய உணவு இரைப்பைக்குள் இறங்காமல் தடைபடும் நோய் அக்கலேசியா. அந்த நோயாளிகள் பெரும்பாலும் பை நிறையப் பழைய மருந்துச் சீட்டுகளோடுதான் வருவார்கள். மேலூரோ, உசிலம்பட்டியோ, பரமக்குடியோ, சொல்வது ஒன்றுதான். "ஐயா, தண்ணீர்கூட நெஞ்சை விட்டு இறங்கமாட்டேன் என்கிறது." படுத்தால் சாப்பிட்டது வாய்க்கே வந்துவிடும். அல்சர் என்று நினைத்து மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டிருப்பார்கள். உண்மையில், உணவுக்குழாயின் அடியில் உள்ள தசைவளையத்தைத் தளர வைக்கும் நரம்பணுக்கள் அழிந்துபோயிருக்கும். எந்த மாத்திரையும் அவற்றை மீட்டுத் தராது. பலூனால் விரிக்க வேண்டும், இல்லையென்றால் தசையை வெட்ட வேண்டும்.

தசையை வெட்டும் அறுவைச் சிகிச்சையை 1913இல் ஜெர்மன் அறுவை மருத்துவர் ஹெல்லர் செய்தார். வயிற்றில் ஒரு கீறல்கூட இல்லாமல், வாய்வழியாக எண்டோஸ்கோப்பை விட்டு அதே வேலையைச் செய்வதுதான் போயம் (POEM). ஜப்பானிய மருத்துவர் ஹருஹிரோ இனோவே 2008இல் முதன்முதலாக நோயாளிக்குச் செய்தார். மதுரையிலேயே இதைச் செய்ய வேண்டும் என்ற பிடிவாதத்தோடு பயிற்சிக்குப் போனேன்.

முதலில் பார்ப்பது மட்டும்தான். பிறகு, இறைச்சிக்கூடத்திலிருந்து வந்த பன்றியின் உணவுக்குழாயும் இரைப்பையும். உட்சவ்வுக்கு அடியில் நீலச்சாயம் கலந்த உப்புநீரை ஏற்றினால் கொப்புளம்போல் எழும்பும். அதில் சுமார் 2 செ.மீ. கீறி, சவ்வுக்கும் தசைக்கும் நடுவே நுழைந்து, சுரங்கம் வெட்டிக்கொண்டே இறங்க வேண்டும். நீலம் ஏறிய மெல்லிய இழைகளை மட்டும் அறுக்கலாம். கத்தி தசையை ஒட்டியே போக வேண்டும். சவ்வு ஓட்டையானால் எச்சில் நெஞ்சறைக்குள் கசிய வழி திறந்துவிடும். "நீலம் தெரியவில்லையா? மறுபடி நீர் ஏற்றுங்கள், டாக்டர். தெரியாமல் வெட்டாதீர்கள்" என்று பயிற்சி தந்த மூத்த மருத்துவர் ஓயாமல் சொல்வார். உயிரற்ற திசுவில் இரத்தம் வராது. இரத்தக்கசிவை நிறுத்தும் பாடத்துக்கு, மயக்கம் கொடுத்த பன்றியிடம் போக வேண்டியிருந்தது.

வெட்டுவதைவிடக் கடினம், எங்கே நிறுத்துவது என்று அறிவது. இரைப்பையை நெருங்கும்போது சுரங்கம் இறுகி எண்டோஸ்கோப் நகரத் தயங்கும். சற்றுத் தள்ளியதும் சட்டென்று அகலும். இரத்தக்குழாய்களின் அமைப்பும் மாறும். அதற்கப்பால் 2 முதல் 3 செ.மீ. போய், பிறகுதான் வட்டத்தசையை வெட்ட வேண்டும். குறைத்தால் அடைப்பு மிஞ்சிவிடும். இதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது, கைக்குத்தான் தெரிய வேண்டும்.

மருத்துவர் மட்டும் கற்றால் போதாது. காற்றுக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்துகிறோம். உடல் அதை விரைவில் உறிஞ்சிவிடும். ஆனாலும் வயிற்றறையில் வாயு சேர்ந்து வயிறு இறுகினால் முதலில் கவனிக்க வேண்டியவர் மயக்க மருத்துவர். கீறலை மூடும் கிளிப்பைக் கேட்ட கணத்தில் எடுத்துத் தர வேண்டியவர் செவிலியர். எங்கள் குழு முழுவதையும் பயிற்சிக்கு அழைத்துப் போனேன். தொடக்க நோயாளிகளின்போது அந்த மூத்த மருத்துவர் மதுரைக்கே வந்து என் தோளருகே நின்றார். அப்படி ஒருவர் நிற்காமல், பயிலரங்குச் சான்றிதழை மட்டும் நம்பி இதில் இறங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மறுநாள் சாயம் குடிக்கவைத்து எக்ஸ்ரேயில் கசிவு இல்லை என்று உறுதிசெய்த பிறகே நீராகாரம். தசை திறந்த பின் சிலருக்கு இரைப்பை அமிலம் மேலேறும், அறிகுறியே இல்லாமலும் ஏறலாம். அதனால் பின்னாளில் எண்டோஸ்கோப்பிக்கு வரச் சொல்கிறோம். நன்றாக விழுங்க முடிகிறதே என்று வராமல் இருந்துவிடுபவர்களைத் தொலைபேசியில் கூப்பிட்டு வரவழைக்கிறோம்.